ஓய்வுநாளில் யார் சமைப்பது

என் கணவரின் அண்ணன் எனக்குப் பெரியத்தான்; நேரில் அத்தான் என்று கூப்பிடுவேன். பாமாயில் ஆலையில் கொதிகலன் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் குரல் மட்டும் ஆலைக்குள்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவரிடமும் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரிதான் பேசுவார். குவாலா சிலாங்கூருக்கு வெளியே, பழைய தோட்டத்தை ஒட்டி வந்த கடைவீடுகளில் ஒன்றின் மேல்மாடியில் எங்கள் கிறிஸ்தவச் சபை கூடுகிறது. சின்ன சபை. போதகர் வேறு ஊருக்கு மாறிப்போனதும் பெரியத்தானே மூப்பராக இருந்து நடத்தத் தொடங்கினார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னார்.

"நம்ம வேதத்துல பின்னால உள்ளத மட்டும் படிச்சுக்கிட்டு இருக்கோம். முன்னால உள்ள மோசேயோட அஞ்சு ஆகமத்த யாரு ஒழுங்கா படிச்சிருக்கோம்? யூதருங்க அத வாரம் வாரம் பங்கு பிரிச்சு ஒரு வருசத்துல முடிச்சிடுறாங்க. முடிச்ச அன்னிக்கே திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கிறாங்க. நம்மளும் செய்வோம். அவங்க பண்டிகையும் அனுசரிப்போம். வெள்ளிக்கிழம சாயங்காலம் எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துருங்க."

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது கைபேசியில் பார்த்துப் பார்த்து அவர் மனத்தில் ஊறிப்போன விஷயம் இது. எங்களில் ஒருவரும் ஒரு யூதரை நேரில் பார்த்ததில்லை. அந்தச் சொல்லையே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள இந்த நாட்டில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்ல முடியாது. அதனால் வெளியில் யார் கேட்டாலும் "ஐந்தாகம வகுப்பு" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லி வைத்தார். ஆலைக்குரலில் சொன்னார். கீழே இருந்த முடிதிருத்தும் கடைக்காரருக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. நான் கெர்லிங் பக்கம் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் வேதாகமம் கைக்கு வந்தது. ஞாயிறு பிரசங்கத்தில் அங்கே ஒரு வசனம், இங்கே ஒரு வசனம் என்று பிய்த்துக் கொடுப்பார்கள்; முதலிலிருந்து கடைசிவரை ஒரு கதையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. மத்தியான நேரத்தில் ஆள் வரத்து குறைவு. அந்த வாரத்துப் பகுதியை அப்போது படித்துவிடுவேன். அதோடு நிற்காமல், யூதர்களுடைய பழைய ஆசிரியர்கள் அந்தப் பகுதிக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கைபேசியில் தேடுவேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவர்கள் வசனத்தைக் கும்பிட்டு வைத்துவிடவில்லை. ஒரு சொல் ஏன் இரண்டு தடவை வருகிறது, ஏன் இந்த இடத்தில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று என்று பிடித்து உலுக்கியிருந்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். படிப்பென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு அப்படி இருக்கவில்லை.

பெரியத்தானின் மனைவி, என் ஓரகத்தி, அவரை நான் அக்கா என்பேன், பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார். வெள்ளி பொழுது சாய்ந்ததும் தொடங்குகிற ஓய்வுநாளை வரவேற்க வீட்டுப் பெண் செய்ய வேண்டிய சடங்கு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுவது எனக்குக் கெர்லிங்கிலேயே பழக்கம். கை தானாகக் கும்பிடப் போகும், அடக்கிக்கொள்வேன். ஏற்றி முடித்ததும் அக்கா அடுப்படிக்குப் போய்விடுவார். வகுப்பு முடிந்ததும் வந்தவர்கள் எல்லாருக்கும் ஓய்வுநாள் விருந்து என்று பெரியத்தான் சொல்லியிருந்தார். வேலை முடிந்து நான் நேராக அங்கே போய் அக்காவோடு நிற்பேன். கூடத்தில் முதல் ஆகமமான ஆதியாகமம் நடக்கும். எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம், மிக்ஸி ஓடாத நேரத்தில் மட்டும் கேட்கும்.

ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப்போகிற பகுதி வந்த வாரம், கரண்டியோடு கூடத்து வாசலில் வந்து நின்றேன்.

"அத்தான், ஒரு கேள்வி. விடியக்காலைல கெளம்பிப் போறாரு. பொஞ்சாதி சாராகிட்ட சொல்லிட்டுப் போனாரா? அடுத்த அதிகாரத்துலேயே சாரா செத்துப் போறாங்க. அந்த ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவங்க பழைய ஆசிரியருங்க சொல்றாங்க. சேதி கேட்டுத்தான் உயிர் போச்சுன்னு."

கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெரியத்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல கேள்விலா" என்றார். "டீ ஆயிடுச்சா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே நல்ல கேள்வி என்று நினைத்தார். உண்மையிலேயே டீ வேண்டும் என்றும் நினைத்தார். அதுதான் எனக்கு எரிச்சல். கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

தைப்பூசத்துக்கு முன்பின்னாகப் பத்துக் கட்டளைகள் வந்தன. ஓய்வுநாள் கட்டளையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கிளினிக்கில் உட்கார்ந்து படித்த அன்றுதான் முதல்முறையாக எண்ணிப் பார்த்தேன். ஏழாம் நாளில் வேலை செய்யக் கூடாதவர்கள் யார் யார் என்று அதில் சொல்லியிருக்கிறது. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசலுக்குள் இருக்கும் வெளியூர்க்காரன். மனைவி இல்லை. மிருகம்கூட இருக்கிறது. திரும்பவும் படித்தேன். மருந்துக்கு வந்த ஒரு சீனத்துப் பாட்டி மேசையைத் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் தலை நிமிர்ந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பிலேயே கேட்டேன். பெரியத்தான் அதற்குத் தயாராகவே இருந்தார்.

"நீன்னு சொல்லும்போதே புருசனும் பொஞ்சாதியும் அடக்கம்மா. ரெண்டு பேரும் ஒரே மாம்சம். அதனால தனியா சொல்லல."

"அப்ப நானும் வேலை செய்யக் கூடாதுல்லையா, அத்தான்?"

"ஆமா."

"அக்காவும்?"

"ஆமாம்மா."

"இப்ப யாரு சமைக்கிறது?"

சபையில் சிலர் சிரித்தார்கள். பெரியத்தானும் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். அக்கா அடுப்படியிலிருந்து, கீரை அடியில் பிடிக்கிறது, வந்து கிண்டு என்று கூப்பிட்டார். போனேன்.

என் கணவர் தோட்டத்து டிராக்டர்களைப் பழுது பார்ப்பவர். இரும்பில் எது கெட்டுப்போனாலும் பிரித்துப் பார்த்துவிடுவார். மனிதர்கள் விஷயத்தில் கை வைக்க மாட்டார். வீடு திரும்பும்போது காரில் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணன சபையில வச்சு அப்படிக் கேக்கணுமா?"

"நான் கேட்டது தப்பா?"

"தப்பு இல்ல. எல்லாரு முன்னாடியும்னு சொன்னேன்."

"தனியா கேட்டா டீ போடச் சொல்லுவாரு. எல்லாரு முன்னாடியும் கேட்டாலும் டீதான். எங்க கேக்குறது, நீங்களே சொல்லுங்க."

அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு வெளியேறியதை நினைவுகூருகிற பஸ்கா வந்தது. புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்பது விதி. நானும் அக்காவும் அலமாரிகளை வெளியே இழுத்து, அடுப்படித் தரையை மண்டியிட்டுத் தேய்த்து, அரிசி டின்களைக் கழுவிக் காய வைத்தோம். பிறகு ஆண்கள் டார்ச் லைட்டோடு வந்து புளித்த அப்பம் எங்காவது இருக்கிறதா என்று வீடு முழுக்கத் தேடினார்கள். தேடல் வீணாகப் போகக் கூடாதென்று ரொட்டித் துண்டுகளை முன்பே அங்கங்கே ஒளித்து வைப்பது யூதர் வழக்கம். அதையும் அக்காதான் ஒளித்து வைத்தார். ஒரு துண்டை எங்கே வைத்தோம் என்று அவருக்கே மறந்துபோய், வெகுநாள் கழித்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எறும்புச் சாரை கிளம்பியபோதுதான் அது கிடைத்தது.

தோசை மாவைக் கொட்டச் சொன்னார் பெரியத்தான்.

"அத்தான், அது அரிசியும் உளுந்தும். அவங்க விலக்குறது கோதும, பார்லி மாதிரி தானியத்தத்தான். கொச்சியில இருந்த யூதருங்க பஸ்காவுக்குச் சோறு சாப்பிட்டாங்கன்னு படிச்சேன்."

"வேதத்துல என்ன போட்டிருக்கு? புளிப்புன்னு போட்டிருக்கு. தோச மாவு புளிச்சுதான இருக்கு?"

தமிழில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு மேல் என்ன சொல்வது? ஒரு சட்டி மாவும் போயிற்று. அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவி வைத்தார்.

புளிப்பில்லாத அப்பத்துக்கு மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதையும் பெரியத்தான் எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். நாங்கள் இருவரும் பிசைந்து தேய்த்துச் சுட, அவர் அடுப்படி வாசலில் கைபேசியில் நேரம் ஓட விட்டுக்கொண்டு நின்றார். நீராவி அழுத்தம் பார்த்துப் பழகிய கண். "நேரம் போவுது, நேரம் போவுது" என்றார். கையில் மாவு இல்லாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். கசப்பான கீரை வேண்டுமென்று பாகற்காய் வாங்கி வந்தார். அக்கா அதைத் தேங்காய்ப்பால் விட்டு, கசப்பே தெரியாமல் அருமையாக வைத்துவிட்டார். அடிமைத்தனத்தின் கசப்பை நினைவுகூர வேண்டிய பண்டிகையில் எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பெரியத்தான் மனம் நொந்துபோனார். அன்று முழுக்க நான் மனதாரச் சிரித்தது அந்த ஒரு நேரம்தான்.

பஸ்கா விருந்தே கேள்வியில் தொடங்குகிற விருந்து. வீட்டில் சிறியவர் கேட்க வேண்டும், பெரியவர் கதையைச் சொல்ல வேண்டும். சபையிலிருந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். பிள்ளை தப்பில்லாமல் ஒப்பித்தது. ஐந்தாவது கேள்விக்கு இடமில்லை.

இப்படியே வருடம் ஓடியது. வாரங்களின் பண்டிகை வந்தது. வேதம் கொடுக்கப்பட்ட நாள் அது. உட்கார்ந்து படிப்பதுதான் அதன் வழக்கம். நான் ஆசையாகக் காத்திருந்தேன். பால் பலகாரம் செய்வதும் வழக்கமாம். பால் பாயசம், பால்கோவா, பன்னீர் என்று நாங்கள் நின்றதில் அந்த நாளும் போயிற்று. அது முதல் பலனைக் காணிக்கையாகக் கொடுக்கும் அறுவடைப் பண்டிகை என்று பெரியத்தான் பேசியது அடுப்படிக்குக் கேட்டது. எங்கள் ஊரில் பாமாயில் தருகிற செம்பனையில் குலை வெட்டாத மாதம் கிடையாது. எதை முதல் பலன் என்று கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேள்விகள் எனக்குள்ளேயே சேர ஆரம்பித்திருந்தன, சொல்லாமல் விட்டவை.

புரட்டாசியில் எக்காளப் பண்டிகை. பெரியத்தான் இணையத்தில் ஓர் ஆட்டுக்கொம்பு வாங்கி, ஊதத் தெரியாமல் ஊத, தெரு நாய்கள் எல்லாம் பதில் கொடுத்தன. அதிலிருந்து பத்தாம் நாள் பாவநிவாரண நாள். ஒரு பொழுது சாய்ந்ததிலிருந்து மறு பொழுது சாயும்வரை தண்ணீரும் இல்லாத உபவாசம். முந்தின சாயங்காலம் அம்மா கெர்லிங்கிலிருந்து கூப்பிட்டார்.

"இன்னிக்கு ஆயுத பூச. சுண்டல் செஞ்சேன். நாளைக்கு விஜயதசமி, நல்ல நாளு. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்."

"நாளைக்கு ஒண்ணும் சாப்பிட முடியாதும்மா. நோன்பு."

"உங்க ஆளுங்களுக்கு ஏது இந்த மாசத்துல நோன்பு?"

"எங்க ஆளுங்களது இல்லம்மா. யூதருங்களோடது."

"நம்மளதையும் விட்டுட்ட. அவங்களதும் பத்தல. இப்ப இன்னொருத்தரோடதா?" என்றார் அம்மா. அமாவாசைக்குப் பத்தாம் நாள் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றிய அதிசயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் நோன்பு முடிகிற நேரத்துக்கு விருந்து தயாராக இருக்க வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டிருக்க, நானும் அக்காவும் மத்தியானத்திலிருந்து சமைத்தோம். உப்புப் பார்க்க முடியாது. அக்கா கண்ணளவில் போட்டார். ஆண்கள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உபவாசத்தில் தங்களை ஒடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குறட்டை விட்டார். சாம்பாரில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று சாப்பிடும்போது சொன்னவரும் அவரே.

அன்று பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, கூடாரப் பண்டிகை மொத நாளு ஒரு வேலயும் செய்யக் கூடாதுன்னு எழுதியிருக்கு. மொத நாளைக்கு முன்னாடியே எல்லாத்தயும் சமைச்சு வச்சிருவோம். அன்னிக்கு அவங்களே போட்டுச் சாப்பிடட்டும். நம்ம ரெண்டு பேரும் உக்காருவோம்."

"பாப்போம்" என்றார் அக்கா.

அந்தப் பாப்போமை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வனாந்தரத்தில் அலைந்ததை நினைவுகூரும் கூடாரத்தை வீட்டு முன்வாசலில் போட்டார்கள். என் கணவர் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்தார். கூரை வெட்டிய தழையால்தான் இருக்க வேண்டும், இடைவெளியில் நட்சத்திரம் தெரிய வேண்டும். செம்பனை மட்டையில் முள் என்பதால் தென்னை ஓலை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு வங்காளதேசத்துக்காரர் வெட்டி வந்து மேலே போட்டுக் கொடுத்தார். வீட்டு வாசலில் பச்சை ஓலைப் பந்தலைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று பெரியத்தானுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வீடு தள்ளியிருந்த அம்மாள் தலையைக்கூட வாராமல், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்தார்.

"எத்தன மணிக்கு எடுக்குறீங்க?"

"யாரயும் எடுக்கல" என்றார் அக்கா. "சாப்பிட வர்றாங்க."

எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி கல்யாண விருந்தா என்று கேட்டார். பெரியத்தான் குடும்ப ஜெபம் என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார்.

பண்டிகை நாள். சபையார் பந்தலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஜெபம் முடிந்தது, வாசிப்பு முடிந்தது. நான் அக்காவுக்குப் பக்கத்தில் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்வதற்குள் நாங்கள் சமைத்து முடித்ததெல்லாம் உள்ளே மேசைமேல் மூடி இருந்தது.

"சாப்பாடு எடுத்து வரலாமேம்மா" என்றார் பெரியத்தான்.

"எல்லாம் மேசையில இருக்கு அத்தான். ஆளாளுக்குப் போட்டுக்கலாம். இன்னிக்கு வேல செய்யக் கூடாத நாளு."

"சாப்பாட்டு வேல செய்யலாம்மா. பஸ்கா அதிகாரத்துலயே அனுமதி இருக்கு. நீதான் எல்லாம் படிக்கிறியே."

"செய்யலாம்னுதான் இருக்கு. பொம்பளதான் செய்யணும்னு இல்ல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். எனக்கு இன்றும் அந்தப் பாதி ஞாபகம் இருக்கிறது. "நீ உக்காருடா" என்றார் பெரியத்தான். அவர் உட்கார்ந்தார்.

அப்போது பக்கத்து நாற்காலி அசைந்தது. அக்கா எழுந்து உள்ளே போனார்.

"அக்கா, உக்காருங்க" என்றேன்.

"கொழம்பு ஆறிப்போவும்" என்றார் திரும்பாமல்.

சோற்றுச் சட்டியைத் தூக்கி வந்தார். திரும்பப் போய்க் குழம்பு. திரும்பப் போய்க் கறி, அப்புறம் தட்டு, அப்புறம் தண்ணீர். நான் எழவில்லை. இப்போது எழுந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓய்வுநாள் கட்டளை கடைசி ஆகமமான உபாகமத்தில் இரண்டாம் தடவை வரும்போது ஒரு காரணம் சேர்ந்து வரும்: உன்னைப் போலவே உன் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று. ஆவணி வாக்கில்தான் படித்திருந்தோம். நான் கேட்டு வாங்கிய "நீ" இப்போது எனக்குக் கிடைத்துவிட்டது. உட்கார்ந்திருந்தேன். என்னைவிட வயதில் மூத்தவர், முட்டி வலிக்கு எங்கள் கிளினிக்கிலேயே மருந்து வாங்குகிறவர், எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் அவர் சோறு போட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெரியத்தான்மேல் கோபம், என் கணவர்மேல் கோபம், அக்காமேல்தான் எல்லாரையும்விட அதிகக் கோபம்.

மழை வந்தது. அந்த மாதத்தில் சாயங்காலம் மழை வராமல் இருந்தால்தான் அதிசயம். நட்சத்திரத்துக்கு விட்ட இடைவெளியெல்லாம் தண்ணீராகக் கொட்டியது. மழை பெய்தால் கூடாரத்தை விட்டு உள்ளே போகலாம் என்று அனுமதி இருக்கிறது. ஆண்கள் தங்கள் தட்டுகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் தட்டைக் கையில் எடுத்தது அன்றுதான்.

அடுப்படியில் அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"நீ உக்காந்தா நான் நிக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அதான் நடந்துச்சு."

"ரெண்டு பேரும் உக்காந்திருந்தா என்னா ஆயிருக்கும் அக்கா?"

"எல்லாரும் பசியோட உக்காந்திருப்போம். என் வீட்டுக்கு வந்தவங்க பசியோட உக்காரக் கூடாது."

"அவங்க எந்திரிச்சிருப்பாங்க."

"எத்தன நேரம் கழிச்சு?"

நான் துண்டை வாங்கி, ஈரமாக இருந்த அவர் முதுகைத் துடைத்தேன்.

பண்டிகை வாரம் முடிந்து, உபாகமத்தின் கடைசி அதிகாரத்தையும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையும் ஒரே மூச்சில் படிக்கிற நாள் வந்தது. அவர்கள் ஊர்களில் அன்று வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடிப் பாடுவார்களாம். எங்கள் வகுப்பில் பெரியத்தான் ஓர் அறிவிப்புச் செய்தார். இந்த வருடம் படிப்பு மட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையிலேயே வைத்துக்கொள்ளலாம். பிஸ்கட்டும் டீ பாக்கெட்டும் போதும். பண்டிகைகள் வேண்டாம். பெண்களுக்குச் சிரமமாக இருக்கிறது.

"பெண்களுக்குச் சிரமம்னா ஆம்பளைங்க சமைக்கலாமே அத்தான்" என்றேன். "பண்டிகைய ஏன் விடணும்?"

"ஆம்பளைங்க சமைச்சா அது பண்டிகையாம்மா?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே புரியவில்லை. மோசே, ஆரோன், எகிப்து, செங்கடல் எல்லாவற்றையும் கற்பனை செய்ய முடிந்தவருக்குத் தன் கையில் ஒரு கரண்டியைக் கற்பனை செய்ய முடியவில்லை.

காரில் என் கணவர் கேட்டார். "நீ கேட்டது கெடச்சிருச்சுல்ல?"

"நான் கேட்டது இது இல்ல."

"அப்ப என்னாதான் கேட்ட?"

எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பதற்குள் வீடு வந்துவிட்டது. அவர்மேல் குறை சொல்லவும் முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் தன் தட்டைத் தானே கழுவுகிறார். அந்த ஒரு தட்டை மட்டும்தான் கழுவுகிறார்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா கிளினிக்குக்கு முட்டி வலி மருந்து வாங்க வந்தார். மருந்தை உறையில் போட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"பிள்ளைங்க ரெண்டும் ஜோகூர்ல. வந்தா ஒரு நாளு, வரலன்னா இல்ல" என்றார். "வெள்ளிக்கிழம ஆனா வீட்டுல ஆளு சத்தம் இருந்துச்சு. பண்டிகன்னா பத்துப் பேரு செருப்பு வாசல்ல கெடக்கும். எனக்குச் சமைக்கிறது கஷ்டமில்லம்மா. நான் உங்கிட்ட கஷ்டம்னு எப்பவாச்சும் சொன்னேனா?"

சொன்னதில்லை. அவர் சொன்னதில்லை என்பதையே நான் யோசித்துப் பார்த்ததில்லை. எனக்காகவும் அவருக்காகவும் சேர்த்து நானே கேட்டுவிட்டேன். அப்படியென்றால் நான் கேட்டது தப்பா என்று அன்று முழுக்க மாத்திரைகளை எண்ணும்போதெல்லாம் ஓடியது. தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். தப்பில்லாத ஒன்றைக் கேட்டு, யாருக்கும் வேண்டாத ஒன்று கிடைத்திருக்கிறது. இதை எந்த ஆசிரியரிடம் கொண்டுபோய் விளக்கம் கேட்பது?

ஞாயிறு வகுப்புக்கு இப்போதும் போகிறேன். பிஸ்கட் நொறுங்கிய மேசையில் யாத்திராகமம் ஓடுகிறது. நான் கேட்கிறேன், பெரியத்தான் நல்ல கேள்வி என்கிறார். அடுத்த வசனத்துக்குப் போகிறார்.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சோறும் மீன் தலைக் கறியும் கட்டி வாங்கிக்கொண்டு, கணவரையும் வரச்சொல்லிவிட்டு, அக்கா வீட்டுக்குப் போனேன். நான்கு பேருக்கு. யாரும் அடுப்பைத் தொட வேண்டியதில்லை என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்த அக்காவுக்கு முகம் மலர்ந்தது. பொட்டலங்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"கடச் சோறா? சரி. உக்காரு."

"நீங்களும் உக்காருங்க அக்கா."

"உக்காருறேன். இரு, ஒரு ரசம் வச்சு, ரெண்டு அப்பளம் பொரிச்சுட்டு வந்துர்றேன். வெறும் கறிய வச்சுக்கிட்டு எப்படித் திங்கிறது?"

"அக்கா, வேணாம்."

"ஒரு நிமிசம்லா."

அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மெழுகுவர்த்தி ஏற்றாமலே ஓய்வுநாள் தொடங்கிவிட்டிருந்தது. பெரியத்தான் கூடத்திலிருந்து, கடையில் எந்த மீன் போட்டிருக்கிறான் என்று சத்தமாகக் கேட்டார். நான் பையை நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் புளியைக் கரைக்க ஆரம்பித்தேன்.